சிறிய பன்னாட்டுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு: மனநலம், கற்றல் துணை பற்றிய வழிகாட்டி

தமிழ்நாட்டில் பன்னாட்டுப் பள்ளி என்றாலே ஒரு காலத்தில் மலையூர்களில் மிஷனரிகளின் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம்தான் நினைவுக்கு வரும். 1901-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1976-இல், பல நாடுகளில் நடக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) பாடத்திட்டத்தின் மேல்நிலைப் படிப்பான ஐபி டிப்ளமாவை நடத்த அனுமதி பெற்றது. இந்தியாவில் அந்த அனுமதியைப் பெற்ற முதல் பள்ளி அதுவே. இன்று சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஐபி அல்லது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் இயங்கும் சிறு பள்ளிகள் பல இருக்கின்றன. அவற்றில் உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மெட்ரிகுலேஷன் அல்லது சிபிஎஸ்இ பள்ளியை மட்டுமே அறிந்த பெற்றோருக்கு இங்கே எல்லாம் புதிதாக இருக்கும். அவர்களுக்காகவே, இப்படிப்பட்ட பள்ளிகளில், படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான கற்றல் துணைப் பிரிவில் பணியாற்றிவரும் ஒருவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் பதினைந்து பேர்தான் என்பது உண்மையிலேயே பெரிய நன்மை. உங்கள் பிள்ளை எதைச் சாப்பிடமாட்டான், எந்தப் பாடவேளையில் சோர்ந்துபோவான், யாரோடு சண்டை என்பதெல்லாம் வகுப்பாசிரியருக்கு இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். ஆனால் அப்படித் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அவர் மனத்திலேயே இருக்கும். பன்னாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வருவது வழக்கம். ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு நாட்டுக்கோ வேறு பள்ளிக்கோ போகும்போது, உங்கள் பிள்ளையைப் பற்றி அவர் அறிந்ததும் அவரோடு போய்விடும். பெரிய பள்ளியில் ஒரு துறை செய்யும் வேலையை இங்கே ஒரே ஒருவர் செய்கிறார் என்பதால், அந்த ஒருவர் விலகினால் ஏற்படும் இழப்பும் பெரிது. ஆகவே, பிள்ளையைப் பற்றிய முக்கியமான செய்திகள் எழுத்தில் இருக்கவும், குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்கவும் வழிசெய்வதே பெற்றோர் முதலாண்டில் செய்ய வேண்டிய தலையாய வேலை. கீழே சொல்லும் படிகள் அனைத்தும் இந்த நோக்கத்தையே சுற்றி அமைந்தவை.

முதல் படி: கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஐபி அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வி குறித்த கொள்கை ஒன்றையும் மொழிக் கொள்கை ஒன்றையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். சேர்க்கை அலுவலரிடம் அவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் உள்ள நல்ல வார்த்தைகளைவிட, "யார், எப்போது, எப்படி" என்று சொல்லும் பகுதிகளைக் கவனியுங்கள். ஆசிரியர் ஒரு மாணவரைப் பற்றிக் கவலைப்பட்டால் யாரிடம் சொல்வார், எத்தனை நாளில் பெற்றோருக்குத் தகவல் வரும், தனித் திட்டம் வகுப்பதென்று யார் முடிவெடுப்பார் என்பன எழுதப்பட்டிருந்தால் அந்தக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது என்று நம்பலாம்.

அடுத்து, பணியாளர்களைப் பற்றிக் கேளுங்கள். சிறப்புக் கல்வியாளர் முழுநேரமா, வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிறவரா? ஆலோசகர் ஒருவர் இருப்பதாகச் சொன்னால், அவரே பல்கலைக்கழக விண்ணப்பங்களையும் பார்த்துக்கொள்கிறவரா என்று தவறாமல் கேளுங்கள். சிறு பள்ளிகளில் இந்த இரண்டு பொறுப்புகளும் ஒருவரிடமே இருப்பது சகஜம். அப்படியானால் செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் விண்ணப்பக் கட்டுரைகளுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் நடுவே அவர் மூழ்கியிருப்பார். அதே மாதங்களில்தான் புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவரது நேரம் மிகவும் தேவைப்படும். இதற்குப் பள்ளி என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று கேட்பதில் தவறேதுமில்லை.

பணம் சார்ந்த கேள்விகளைக் கூச்சப்படாமல் இப்போதே கேட்டுவிட வேண்டும். கற்றல் துணைக்குத் தனிக் கட்டணம் உண்டா? பிள்ளையுடன் வகுப்பில் உட்காரும் ஷேடோ டீச்சர் தேவைப்பட்டால் அவரைப் பள்ளி நியமிக்குமா, பெற்றோர் தேடிப் பிடித்துச் சம்பளம் கொடுக்க வேண்டுமா? பெற்றோர் சம்பளம் கொடுத்தாலும் அவரை மேற்பார்வையிடுவது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத பள்ளியில், ஷேடோ டீச்சர் பிள்ளையின் வேலையைத் தானே செய்து முடித்துவிடுகிறவராக மாறிவிடும் அபாயம் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. தொடக்கப் பள்ளியில் கற்றல் துணை சிறப்பாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான படிப்பு) தொடங்கியதும் "இனி இந்தப் பள்ளி இவனுக்குப் பொருந்தாது" என்ற பேச்சு எழும். தற்போது மேல்வகுப்புகளில் கற்றல் துணை பெறும் மாணவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெயர்களைச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் எவ்வகைத் துணை தரப்படுகிறது என்று விளக்க முடியும்.

இரண்டாம் படி: பழைய அறிக்கைகளை மறைக்காதீர்கள்

முந்தைய பள்ளியில் செய்த மதிப்பீடு, பேச்சுப் பயிற்சிக் குறிப்புகள், மருத்துவரின் கடிதம் எதுவாக இருந்தாலும் சேர்க்கையின்போதே கொடுங்கள். இடம் கிடைக்காமல் போய்விடும் என்ற அச்சத்தில் பல பெற்றோர் இவற்றை மறைத்துவிடுகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் மறைத்துச் சேர்த்த பிள்ளைக்கு நடப்பது இதுதான்: முதல் பருவம் முழுக்க அவன் சோம்பேறி என்றோ அடம்பிடிக்கிறவன் என்றோ ஆசிரியர்கள் எண்ணுவார்கள், இரண்டாம் பருவத்தில் புதிதாக மதிப்பீடு செய்யச் சொல்வார்கள், மூன்றாம் பருவத்தில்தான் துணை தொடங்கும். ஓராண்டு போயே போய்விடும். அதைவிட முக்கியமாக, தனக்கு எதுவும் வராது என்ற எண்ணம் பிள்ளைக்குள் ஊறிவிடும். அறிக்கையைப் பார்த்ததும் முகம் மாறுகிற பள்ளியைச் சேர்க்கைக்கு முன்பே அறிந்துகொள்வது ஒருவகையில் உங்களுக்கு நல்லதே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அடங்கும். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு உதவி கேட்பது சலுகை கேட்பதாகாது என்பதைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இதுவரை மதிப்பீடு எதுவும் செய்யாமல் இப்போதுதான் செய்யப்போகிறீர்கள் என்றால், இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்சிஐ-இல் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடம் செல்லுங்கள். அறிக்கையில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. 1991 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும் சென்னையில் உள்ளது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் கிடைக்கும் எண்கள் அவனுடைய அறிவைவிட அவனுடைய ஆங்கிலத்தையே அதிகம் காட்டும். எனவே எந்த மொழியில் எந்தச் சோதனை நடத்தப்பட்டது என்பதை அறிக்கையில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் பெற்றோர் முதலில் பார்ப்பது நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) எண்ணைத்தான். வகுப்பில் பயன்படுவது கடைசிப் பக்கத்தில் உள்ள பரிந்துரைகளே. "பொறுமையாகக் கையாளவும்" என்பது போன்ற பொதுவான வரிகள் மட்டும் அங்கே இருந்தால், உளவியலாளரிடம் திரும்பிப் போய், ஆசிரியர் நாளைக் காலையே செய்யக்கூடிய ஐந்து செயல்களை எழுதித் தரும்படி கேளுங்கள். அசல் அறிக்கை உங்களிடமே இருக்கட்டும். பள்ளிக்கு நகல் போதும். அந்த நகலை யார் யார் படிப்பார்கள் என்றும் எழுத்தில் கேட்டுவையுங்கள்.

மூன்றாம் படி: முதல் சில வாரங்களில் மொழியைக் கவனியுங்கள்

புதிதாகச் சேர்ந்த பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர் சொன்னால் உடனே பதறவேண்டாம். புதிய மொழிச் சூழலில் முதல் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட, கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பான கட்டம். கனடாவில் இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு மொழிக்கும் பாட மொழிக்கும் உள்ள வேறுபாட்டை 1979-இல் எடுத்துரைத்தார். விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடும். அறிவியல் பாடத்தில் ஒரு நிகழ்வின் காரணத்தை விளக்கி எழுதும் ஆங்கிலத்தில் மற்றவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்பதே அந்த ஆய்வுகளின் சாரம். இதை அறியாத பெற்றோர், "இவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசுகிறானே, எழுதமட்டும் ஏன் வரவில்லை?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்கிறார்கள்.

மொழி பழகாததால் வரும் தடுமாற்றத்தையும் கற்றல் குறைபாட்டால் வரும் தடுமாற்றத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதுதான் எங்கள் வேலையிலேயே மிகக் கடினமான பகுதி. அதில் தமிழறிந்த பெற்றோரால் எங்களுக்குப் பெரிதும் உதவ முடியும். ஒரு மாலைப்பொழுதில் பிள்ளைக்குத் தமிழில் ஒரு சிறு கதை சொல்லி, மறுநாள் அதை அவனையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முன்பின் மாறாமல், யார் எதற்காக என்ன செய்தார்கள் என்று சொல்கிறானா என்று கவனியுங்கள். பிறகு, எழுதிக் காட்டாமல் வாயால் மட்டும், "மரம்" என்ற சொல்லை ம–ர–ம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். "படம்" என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு "கு" போட்டால் என்ன வரும் என்று கேளுங்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை தமிழில் இவற்றையெல்லாம் தயங்காமல் செய்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், பெரும்பாலும் அவனுக்குத் தேவை ஆங்கிலத்தில் பழக்கமும் காலமும்தான். தமிழிலும் அதே இடத்தில் இடறினால், ஒலிகளைப் பிரித்து உணர்வதில் ஏதோ சிக்கல் இருக்கலாம். மதிப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் கண்டதைத் தேதியிட்டு எழுதி, கற்றல் துணை ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் அமெரிக்கரோ பிலிப்பைன்ஸ்காரரோ என்றால் இந்தத் தகவல் அவருக்கு வேறெங்கும் கிடைக்காது.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் பேசும்படி யாராவது அறிவுரை சொன்னால் ஏற்காதீர்கள். முதல்மொழியில் உறுதியாகக் கற்ற கருத்துகள் இரண்டாம் மொழிக்கும் வந்து சேர்கின்றன என்பது கம்மின்ஸ் வலியுறுத்திய இன்னொரு கருத்து. பாதி தெரிந்த ஆங்கிலத்தில் பேசும் பெற்றோரைவிட, முழுமையான தமிழில் காரணகாரியம் விளக்கும் பாட்டியால் பிள்ளையின் படிப்புக்கு அதிக நன்மை உண்டு.

வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆங்கிலம் சரளமாக இருக்கும். ஆனால் ஊர் அவனுக்கு அந்நியமாக இருக்கும். இப்படி நாடுகளுக்கிடையே வளரும் பிள்ளைகளுக்கெனத் தனி மனநிலை உண்டு என்பதை, 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் ஹில் யூசீம், ஜான் யூசீம் தம்பதியர் முதன்முதலாக விவரித்தார்கள். "சொந்த ஊருக்குத்தானே வந்திருக்கிறோம், இதில் என்ன வருத்தம்?" என்று அத்தகைய பிள்ளையிடம் கேட்காதீர்கள். அங்கே விட்டுவந்த நண்பர்களோடு வாரம் ஒருமுறை பேச ஏற்பாடு செய்து கொடுங்கள்.

நான்காம் படி: ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அதிகப் பயன் தரும் செயலை நான் கண்டதில்லை. இருபது பக்க உளவியல் அறிக்கையை ஓவிய ஆசிரியரோ நீச்சல் பயிற்சியாளரோ படிக்கப்போவதில்லை. ஒரு பக்கம் என்றால் படிப்பார்கள். நோயின் பெயர்களைத் தவிர்த்து, கண்ணால் காணக்கூடியவற்றையும் பலன் தருபவற்றையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக ஒன்று:

"எட்டு வயது. வீட்டில் தமிழ். இரண்டு கட்டளைகளை ஒன்றாகச் சொன்னால் இரண்டாவதை மறந்துவிடுவாள். ஒவ்வொன்றாகச் சொன்னால் சரியாகச் செய்வாள். எல்லோர் முன்பும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் குரல் இறங்கிவிடும். முந்தைய நாளே பத்தியைக் கொடுத்துவிட்டால் படிப்பாள். வருத்தம் வந்தால் அழமாட்டாள்; தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அடிக்கடி எழுந்து போவாள். அப்போது கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம் விட்டால் தானே திரும்பி வருவாள். பொருள்களைப் பிரித்து மாட்டுவதில் மணிக்கணக்காக ஈடுபடுவாள். வேர்க்கடலை ஒவ்வாது."

இந்தக் குறிப்பை வகுப்பாசிரியர், ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர் மூவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்; பாட ஆசிரியர்களுக்கும் பள்ளிச் செவிலியருக்கும் கொடுக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் அவனையும் உட்காரவைத்து, அவன் சொற்களிலேயே எழுதுங்கள். தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாத பிள்ளை, அதைப் பிறர் படித்திருக்கிறார்கள் என்று அறிய நேர்ந்தால் மனம் நோகும்.

ஐந்தாம் படி: துணை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான பன்னாட்டுப் பள்ளிகளில் கற்றல் துணை மூன்று நிலைகளில் நடக்கிறது. முதல் நிலையில், வகுப்பாசிரியரே தம் கற்பித்தலில் சில மாற்றங்களைச் செய்வார். இரண்டாம் நிலையில், மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்துச் சில வாரங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தருவார்கள். அதிலும் முன்னேற்றம் போதவில்லை என்றால் மூன்றாம் நிலையில் ஐஇபி எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படும். "கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில் வந்தால், எந்த நிலையில், எந்தத் தேதியிலிருந்து, எதை அளந்து என்று பணிவாகக் கேளுங்கள்.

திட்டம் கைக்கு வந்ததும் அதன் இலக்குகளை உரக்கப் படித்துப் பாருங்கள். "வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்று இருந்தால் அது இலக்கே அன்று. ஆண்டு முடிவில் நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "டிசம்பர் இறுதிக்குள், தன் நிலைக்கேற்ற 100 சொல் பத்தியை 5 பிழைகளுக்கு மிகாமல் வாசித்தல், வாரம் 3 முறை, 30 நிமிடம், கற்றல் துணை ஆசிரியருடன், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அளவிட்டுக் குறித்தல்" என்பதுதான் இலக்கு. சிறு பள்ளியில் இப்படி மூன்று இலக்குகள் போதும். பன்னிரண்டு இலக்குகள் கொண்ட திட்டம் பார்க்க அழகாக இருக்கும், நிறைவேற்ற ஆளிருக்காது.

அந்த 30 நிமிடத்துக்குப் பிள்ளையை எந்தப் பாடவேளையிலிருந்து அழைத்துப்போகிறார்கள் என்பதையும் கேட்டறியுங்கள். அவனுக்கு மிகவும் பிடித்த விளையாட்டையோ இசையையோ பறித்துக்கொண்டு தரப்படும் வாசிப்புப் பயிற்சியைப் பிள்ளை தண்டனையாகவே கருதுவான். என் அனுபவத்தில், கால அட்டவணையில் செய்யும் இந்தச் சிறு மாற்றம் சில பிள்ளைகளுக்குப் பயிற்சியைவிட அதிகப் பலன் தந்திருக்கிறது.

மீளாய்வுக் கூட்டத்துக்குத் தாயும் தந்தையும் சேர்ந்து செல்வது நல்லது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் தமிழறிந்த ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ள முன்கூட்டியே கேளுங்கள், பள்ளிகள் மறுப்பதில்லை. கூட்டம் முடிந்த அன்று மாலையே, பேசி முடிவானவற்றை ஐந்தாறு வரிகளில் எழுதி அனைவருக்கும் அனுப்பி, ஏதாவது விடுபட்டிருந்தால் சொல்லும்படி கேளுங்கள். இது அவநம்பிக்கை ஆகாது. அடுத்த ஆண்டு வரப்போகும் ஆசிரியருக்கு இந்த மின்னஞ்சல்களே வரலாறாக இருக்கும்.

ஆறாம் படி: மனநலத்தில் பள்ளியின் பங்கும் உங்கள் பங்கும்

சிறிய வகுப்பில் நட்பு முறிந்தால் அதன் வலி பெரிது. பெரிய பள்ளியில் வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாம். இங்கே வேறு பிரிவே கிடையாது. பதினான்கு பேரில் ஐந்து பேர்தான் பெண்கள், அவர்களில் நால்வர் ஒரு வாட்ஸாப் குழு தொடங்கி ஐந்தாவது பெண்ணை விட்டுவிட்டார்கள் என்றால், அவளுக்கு அந்த ஆண்டு முழுவதும் போக்கிடம் இல்லை. பெற்றோர்களும் சிறு வட்டம் என்பதால், பிள்ளைகளின் மனத்தாங்கல் இரண்டே நாளில் பெரியவர்களின் மனத்தாங்கலாகிவிடும். எதிர்த்தரப்புப் பெற்றோரை நேரடியாக அழைத்துக் கேட்காதீர்கள். வகுப்பாசிரியர் வழியாகவே அணுகுங்கள். பள்ளிக்கு வெளியே, நீச்சல் வகுப்போ சிலம்பமோ தெருவில் ஆடும் கிரிக்கெட்டோ, பிள்ளைக்கு இன்னொரு நட்பு வட்டம் இருப்பது மிகவும் அவசியம்.

ஆலோசகரிடம் பிள்ளை பேசியது என்ன என்று தெரிந்துகொள்ள பெற்றோருக்கு ஆவல் இருக்கும். பேசியதை அப்படியே சொல்லமாட்டார். சொன்னால் பிள்ளை அடுத்த முறை பேசமாட்டான். ஆனால் இந்த இரகசியத்துக்கு எல்லை உண்டு. பிள்ளை தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் நிலை இருந்தாலும், யாரேனும் அவனைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தாலும் ஆலோசகர் மௌனமாக இருக்க முடியாது. போக்சோ சட்டம், 2012-இன்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் நற்பெயர் கருதி உள்ளுக்குள்ளே பேசி முடிப்பதற்கு இடமில்லை. பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்பதை முதல் வாரத்திலேயே நீங்களும் அறிந்து, பிள்ளைக்கும் காட்டிக்கொடுங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் படிப்பில் தெரிவதற்கு முன் உடலில் தெரியும். ஞாயிறு இரவு வயிற்றுவலி, மதிய உணவு டப்பா தொடாமலே திரும்புவது, நன்றாகத் தூங்கியவன் நள்ளிரவில் விழித்திருப்பது, பிடித்த விளையாட்டை விட்டுவிடுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பள்ளிக்குத் தெரிவியுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையானால் இவற்றை நீங்கள் பார்க்க முடியாது. எனவே விடுதிக் காப்பாளரிடம் மாதம் ஒருமுறை, மதிப்பெண்ணைப் பற்றி அல்லாமல், உணவையும் தூக்கத்தையும் பற்றிக் கேளுங்கள்.

பள்ளி ஆலோசகர் மருத்துவர் அல்லர். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, சாக வேண்டும் என்ற பேச்சு, உணவை முற்றிலும் ஒதுக்குவது ஆகியவற்றுக்கு அன்றே மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் ஈடுபட்டுவரும் சினேகா அமைப்பும் இருக்கிறது. சிகிச்சை தொடங்கினால், மருத்துவரும் பள்ளி ஆலோசகரும் ஒருவரோடொருவர் பேச எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள். இருவரும் வெவ்வேறு அறிவுரை சொன்னால் பிள்ளை குழம்பிப்போவான்.

ஏழாம் படி: பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள்

கூடுதல் நேரம், தனி அறை, இடையே ஓய்வு, கணினியில் விடை எழுதுதல், வாசித்துக் காட்டுபவர், சொல்வதை எழுதுபவர் என்று ஐபி, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் ஏற்பாடுகள் உண்டு. ஐபி-இல் தேவைக்கேற்ப 10, 25 அல்லது 50 விழுக்காடு கூடுதல் நேரம் அனுமதிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜில் பொதுவாக 25 விழுக்காடு வரை. இவற்றுக்குப் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது.

இங்கே பெற்றோர் அறியாத முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. கேட்கப்படும் சலுகை, அந்த மாணவர் வகுப்பிலும் பள்ளித் தேர்வுகளிலும் வழக்கமாகப் பயன்படுத்திவரும் முறையாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மட்டும் திடீரெனக் கணினி வேண்டும் என்றால் ஏற்கமாட்டார்கள். ஆகவே எட்டாம் வகுப்பிலிருந்தே பள்ளித் தேர்வுகளில் அந்த முறையைப் பயன்படுத்தச் செய்து, பதிவுகளையும் வைத்திருக்கச் சொல்லுங்கள். மே மாதத் தேர்வுக்கு ஐபி-இடம் விண்ணப்பிக்க முந்தைய நவம்பரே கடைசி என்பதால், உளவியல் அறிக்கையை ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளின் தொடக்கத்தில் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

பின்னாளில் சிபிஎஸ்இ அல்லது மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற்றும் எண்ணமோ, நீட், ஜேஇஇ எழுதவைக்கும் எண்ணமோ இருந்தால், தனியார் உளவியலாளரின் அறிக்கை மட்டும் போதாது. அரசு மருத்துவமனை வழியாகக் குறைபாட்டுச் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யூடிஐடி அட்டையும் பெற வேண்டியிருக்கும். அதற்குப் பல மாதங்கள் அலைய நேரலாம். பன்னாட்டுப் பள்ளியில் இருக்கும்வரை இது தேவைப்படாது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எட்டாம் படி: ஆண்டு முடிவில் கைமாற்றம்

இப்பள்ளிகளில் கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. எந்த ஆசிரியர் அடுத்த ஆண்டு இருக்கமாட்டார் என்பது ஏப்ரல் வாக்கில் தெரிந்துவிடும். அப்போதே கைமாற்றக் கூட்டம் ஒன்றைக் கேளுங்கள்: போகிற ஆசிரியர், வரப்போகிற ஆசிரியர் அல்லது ஒருங்கிணைப்பாளர், நீங்கள் ஆகிய மூவரும் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். புதியவர் இன்னும் வந்துசேரவில்லை என்றால், போகிறவரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: இந்த ஆண்டு எது பலித்தது, எது பலிக்கவில்லை, பிள்ளை யாரை நம்புகிறான், முதல் வாரத்தில் எதைச் செய்யக் கூடாது. நீங்கள் முன்பு எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் பிள்ளையோடு சேர்ந்து திருத்திப் புதுப்பியுங்கள். எட்டு வயதில் உண்மையாக இருந்தது ஒன்பதில் மாறியிருக்கும். போகிற ஆசிரியரிடம் பிள்ளை முறையாக விடைபெறவும் வாய்ப்பளியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் பிரியும் பெரியவர்கள் பலரைப் பார்த்த பிள்ளை, புதியவரிடம் எளிதில் ஒட்டமாட்டான்.

வேறு ஊருக்கோ வேறு பள்ளிக்கோ மாறுவதாக இருந்தால், மாற்றுச் சான்றிதழுடன் தனிநபர் கல்வித் திட்டத்தின் கடைசிப் பிரதி, மீளாய்வுக் குறிப்புகள், பள்ளித் தேர்வுகளில் தரப்பட்ட சலுகைகளைக் குறிப்பிடும் கடிதம், மொழித் துணை பெற்ற காலத்தைக் காட்டும் கடிதம் ஆகிய நான்கையும் முதல்வர் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். மே மாத இறுதிக்குள் இவற்றைக் கேட்டுவிட வேண்டும். ஜூன் பாதியில் அலுவலகம் திறந்திருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டியவர் பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார்.